பரிசில் அன்று, ஊதியம்!

இசையால் உயிர்வாழும் ஒருவர்க்குக் கொடுக்கப்படும் பணத்திற்குத் தமிழ்நாட்டில் இன்று பெயர்கள் பல. சன்மானம் என்பர் சிலர். அன்பளிப்பு என்பர் சிலர். மதிப்பூதியம் என்று எழுதும் அரசு அலுவலகம். 'பார்த்துச் செய்வோம்' என்று சொல்லி நிறுத்திக்கொள்வர் ஊர்ப்பெரியவர். தறி ஓட்டுபவர் பெறுவது கூலி. தையற்பொறியின்முன் அமர்ந்தவர் பெறுவது கூலி. சுவர் எழுப்புபவர் பெறுவதும் கூலி. அக்கூலி இவ்வளவென்பது வேலை தொடங்குமுன்னரே இருதிறத்தார்க்கும் தெரியும். விடிய விடியத் தவில் முழக்கியவர் பெறுவது மட்டும், கொடுப்பவரின் மனநிறைவை அளவுகோலாகக் கொண்டு விடிந்தபின் முடிவாகிறது. ஊதியத்தைப் பரிசில் என்று அழைக்கும்வரை, எத்துணைப் பெரிய இசைஞரும் இரவலராகவே நிற்பார் என்பது ஒருதலை.

பண்டைப் பாணரும் பரிசில் பெற்றே வாழ்ந்தனர் அன்றோ என்று சிலர் வினவலாம். வாழ்ந்தனர், அதனை மறுப்பார் இலர். ஆயினும் அப்பரிசில் வாழ்க்கையில் ஒளிவு மறைவு இருந்ததில்லை என்பதை அவ்வாறு வினவுவோர் மறந்துவிடுகின்றனர். பத்துப்பாட்டுள் பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம் ஆகிய நான்கும் எதனைக் கூறுகின்றன? வளம்பெற்று மீளும் கலைஞர் ஒருவர், வெறுங்கையோடு வரும் கலைஞரை வழியிடைக் கண்டு, எங்கே யார் கொடுத்தார், என்ன கொடுத்தார், எவ்வழியே செல்ல வேண்டும், வழியில் எங்கெங்கே உணவு கிடைக்கும் என்பன எல்லாவற்றையும் உரைக்கிறார். தொல்காப்பியப் புறத்திணையியலும் கூத்தர், பாணர், பொருநர், விறலி என்னும் நால்வரையும் சுட்டி, தாம் பெற்றதைப் பெறாதார்க்கு அறிவித்தலையே அத்துறையின் இலக்கணமாக வைக்கிறது. இலக்கியம் கற்பார் இவற்றைப் புரவலரின் புகழ்ப்பாட்டு என்றே படித்துவிட்டனர். தொழில் செய்வார் தம்முள் ஒருவர் பெற்றதை மற்றொருவர்க்கு மறைத்தல் ஆகாது என்னும் தொழிலறமும் அவற்றுள் உறைகிறது என்பதை எண்ணிப் பார்த்தார் சிலரே.

கொடுத்ததை எண்ணிச் சொல்வதும் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடலரங்கின் நீள அகல உயரங்களைக் கோலளவால் கூறுகிறது. ஆடலாசான் முதலாக ஒவ்வோர் ஆசானின் தகுதியையும் கூறுகிறது. முடிவில் மாதவி தலைக்கோற்பட்டத்தோடு பெற்ற ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னையும் எண்ணாற் கூறுகிறது. முதலாம் இராசராசன் தன் 29ஆம் ஆட்சியாண்டில் தஞ்சைப் பெரியகோயிலில் வெட்டுவித்த கல்வெட்டோ, நானூறு தளிச்சேரிப் பெண்டிர்க்கும், அவரோடு பாடுவார்க்கும் கருவி இசைப்பார்க்கும் உரிய பங்குகளைப் பெயர்பெயராக அடுக்கி, ஒரு பங்கிற்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று வரையறுக்கிறது. அம்முறையில் கலைஞரைக் கோயிலோடும் பிறப்போடும் பிணைத்த தளை இருந்தது. அத்தளை மீண்டும் வேண்டுவதில்லை. ஆயின் இசைஞரின் பங்கைக் கல்லில் வெட்டிய நாட்டில், ஆயிரம் ஆண்டு கழிந்தபின் அதனை ஒரு தாளில் எழுதுவதற்கும் ஆளில்லை என்பது எத்தகைய வீழ்ச்சி!

இவ்வீழ்ச்சியைக் கண்கூடாகக் காண விரும்புவார் திருப்பூர் வட்டாரத்தைக் காணல் வேண்டும். திருப்பூர்க்கு மேற்கே நொய்யலை ஒட்டி அமைந்த மங்கலம், விசைத்தறி ஒலி ஓயாத ஊர். அதனைச் சூழ்ந்த சாமளாபுரம், சோமனூர், பல்லடம், அவிநாசி ஆகிய ஊர்களும் தறியாலும் பின்னலாடையாலும் வாழ்வன. இவ்வட்டாரத்தில் இசைக்குக் குறைவில்லை. திருமணத்திற்கு நாகசுரமும் தவிலும்; அம்மன் கோயிலுக்குப் பம்பையும் உடுக்கையும்; ஊர்வலத்திற்கு உறுமியும், இளைஞர் 'சமாப்பு' என வழங்கும் மேளக்குழுவும்; கோயில் திடலுக்குக் கும்மியும் ஒயிலும் பெருஞ்சலங்கை ஆட்டமும்; சாவுக்குப் பறையும் என்று, பிறப்பு முதல் இறப்பு ஈறாக இசையின்றி ஒரு நிகழ்வும் இல்லை. கொங்குத் திருமணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுதற்கென்றே ஒருவர் உண்டு. பல இரவுகள் தொடரும் அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்துப் பாடியோரின் பாட்டை, கனடா நாட்டு மானிடவியலார் பிரெண்டா பெக்கு 1965இல் காங்கயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கியிருந்தபோது பதிவு செய்தார். கடல் கடந்து வந்தோர் மதித்த இசை இது.

இதனை இசைப்போர் வாழ்க்கை யாது? அவருள் பலர் கிழமை நாட்களில் பனியன் நிறுவனத்திலோ தறிக்கூடத்திலோ வேலை செய்பவர். திருப்பூரில் பலர்க்கு நாள் என்பது ஒன்றரைச் 'சிப்ட்டு'. அதாவது பன்னிரண்டு மணிநேரம். ஒரு விழாவிற்குச் சென்றால் புறப்படும் நாளின் பிற்பகுதியும், கண்விழித்துத் திரும்பும் மறுநாளும் போகும். சனிக்கிழமை பெறும் கிழமைக்கூலியில் அவ்விரு நாட்களும் குறையும். மேளக்கூலி அக்குறையை நிரப்பிய பின்னரே இசைக்கென்று ஏதேனும் எஞ்சும்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்க்கலாம். பத்துப் பேர் கொண்ட குழுவிற்கு 30,000 உரூபா பேசப்படுவதாகக் கொள்வோம். ஐந்தில் ஒரு பங்கு தரகர்க்கு என்றால் 6,000 போகும். வண்டிக்கு 4,000, உணவிற்கு 1,500, கருவிகளின் பழுதிற்கும் தேய்விற்கும் 1,000. எஞ்சுவது 17,500; ஆளுக்கு 1,750. இரண்டு நாள் வேலையிழப்பை இதிற் கழித்தால், உள்ளங்கை வெடிக்க முழக்கியதன் மதிப்பு எவ்வளவு எனப் படிப்போரே கணக்கிட்டுக்கொள்ளலாம். விழாவிற்கு அழைத்தவர் கண்ணுக்கு 30,000 என்பது பெருந்தொகை. இசைத்தவர் கைக்கு வருவதோ வேறு. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள கணக்கு எழுதப்படாமையாலேயே, 'மேளக்காரன் அதிகம் கேட்கிறான்' என்னும் பழி நிலைக்கிறது.

கருவியின் செலவும் பிறர்க்குத் தெரிவதில்லை. நல்ல நாகசுரம் ஆச்சாமரத்தில் கடையப்படுவது. அதற்குப் பெயர்பெற்ற நரசிங்கம்பேட்டை 2022இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் வாயில் பொருத்தும் சீவாளி நாணலால் ஆயது, நாட்பட உழையாது, அடிக்கடி மாற்ற வேண்டுவது. தவிலின் தோல் கிழியும். பறையின் தோலைத் தீயிற் காய்ச்சிப் பதப்படுத்த வேண்டும். பருவமும் ஆண்டு முழுதும் ஒருபடித்தாய் இராது. மாசி முதல் வைகாசி வரை ஒரே நாளில் மூன்று ஊரிலிருந்து அழைப்பு வரும். ஆடியில் அம்மன் கோயில்கள் பம்பைக்கும் உடுக்கைக்கும் வேலை தரும். திருமணம் இன்மையால் நாகசுரம் உறையில் உறங்கும். மார்கழியும் அத்தகையதே. 2020ஆம் ஆண்டுத் தொற்றுநோய்க் காலத்தில், விழாக்கள் நிகழும் பருவமே அடைபட்டபோது, இசையையே நம்பியிருந்தோர் பட்டபாடு நாடறிந்தது.

இவற்றினும் ஆழமானதொரு புண் உண்டு. அது மங்கலம் என்னும் சொல்லிலேயே இருக்கிறது. திருமணத்தில் ஒலிப்பது மங்கல இசை. சாவில் ஒலிப்பது அதன் மறுதலை என்று பிரித்த சமூகம், கூலியையும் அவ்வாறே பிரித்தது. ஒன்றிற்கு வெற்றிலை பாக்கும் முன்பணமும் தட்டில் வைத்துத் தரப்படும். மற்றொன்றிற்குக் கையில் திணிக்கப்படும், அல்லது மறுநாள் வரச் சொல்லப்படும். இரண்டும் தாளமே, இரண்டும் பயிற்சியே, இரண்டும் உழைப்பே. இழவு வீட்டில் பகலெல்லாம் வெயிலில் நின்று முழக்குபவர், மணமண்டபத்தில் நிழலில் அமர்ந்து இசைப்பவரினும் குறைவாகப் பெறுவதற்குப் பிறப்பு வேற்றுமையன்றி வேறு கரணியம் யாது? மதுரை மாவட்டத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் 2025இல் பத்மசிரீ விருதிற்குத் தேர்ந்தெடுக்கப் பெற்றார். அதற்கு முந்திய ஆண்டில், வள்ளி ஒயிற்கும்மியைப் பெண்டிர்க்கும் பயிற்றிய கொங்குநாட்டு ஆசான் பத்திரப்பன், 87 அகவையில் அவ்விருதிற்குரியவரானார். விருதுகள் பெருமைக்குரியன, மகிழத் தக்கன. ஆயினும் விருது ஒருவர்க்கு, கூலி எல்லார்க்கும். தில்லியில் பறை பெற்ற மதிப்பு, அடுத்த தெருவில் நிகழும் சாவுக்கு முழக்க வந்தவரின் கையில் எண்ணி வைக்கப்பட்டாலன்றி நிறைவெய்தாது.

கூலியும் மானமும் இணைபிரியாதவை என்பதை வரலாறு காட்டும். தன்மான இயக்கத்தின் தொடக்கக் காலத்தில், கானாடுகாத்தானில் ஒரு திருமண ஊர்வலத்தில் நாகசுரம் இசைத்த மதுரை சிவக்கொழுந்து, வியர்வை துடைக்கத் தோளில் துண்டு இட்டிருந்தார் என்பதற்காக அதனை எடுக்குமாறு வற்புறுத்தப்பட்டார். எடுக்க வேண்டா என்று அவர் பக்கம் நின்றவர் பட்டுக்கோட்டை அழகிரி. இன்று துண்டை எடுக்கச் சொல்வாரில்லை. பேசிய பணத்தில் பாதியைக் கையில் வைத்து, 'மீதியை அப்புறம் பார்க்கலாம்' என்பாரோ உளர். அன்று தோள்துண்டைப் பறிக்க முனைந்த அதே மனப்பான்மை இன்று மீதிப்பணத்தைப் பிடித்து வைக்கிறது என்க.

பதிவுசெய்த இசையால் வாழலாமே, மேடையை ஏன் நம்புதல் வேண்டும் என்று சொல்வாரும் உண்டு. தற்சார்பாய் இயங்கும் இளைய இசைஞர் பலர் அவ்வாறு நம்பியே வலையொளியில் பாட்டுகளை ஏற்றுகின்றனர். 2021இல் வெளிவந்து உலகெங்கும் கோடிக்கணக்கான முறை கேட்கப்பெற்ற 'எஞ்சாயி எஞ்சாமி' என்னும் பாட்டை அறியாதார் இலர். மூன்றாண்டு கடந்தும் அப்பாட்டால் தமக்கு ஓர் உரூபாவும் வந்திலது என்று அதன் இசையமைப்பாளர் சந்தோசு நாராயணன் 2024 மார்ச்சில் வெளிப்படையாகக் கூறினார். அப்பூசலில் யார் பக்கம் நயன் இருப்பினும், ஓர் உண்மை தெளிவு: அத்துணைப் புகழ்பெற்ற பாட்டிற்கே பதிவின் வழிவரும் வருவாய் தொலைவில் நிற்குமாயின், மங்கலத்து மேளக்குழுவின் கைப்பேசிப் பதிவு சோறு போடும் என்பது கானல்நீரே. நேரில் இசைத்து நேரில் பெறும் கூலியே இசைஞர்க்கு நிலைத்த வேர்.

பதிவில் இசைஞர்க்கு உரிமை இல்லை என்பதும் இதற்குப் பொருளன்று. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் நிகழ்த்துநர் உரிமை சேர்க்கப்பட்டது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை மேலும் வலுப்படுத்தியது. தம் நிகழ்ச்சியை ஒலியாகவோ ஒளியாகவோ பதிவு செய்யவும், பொதுமக்களிடம் பரப்பவும் இசைவளிக்கும் உரிமை நிகழ்த்தியவர்க்கு 50 ஆண்டு உண்டு. தம் பெயரைக் குறிப்பிடச் செய்யும் உரிமையும் உண்டு. பாட்டு ஊர்ப்பொதுவாக இருக்கலாம். ஆயின் அதனை அன்றிரவு பாடிய குரல் பாடியவர்க்கே உரியது. விருந்தினர் ஒருவர் தம் வீட்டிற்காகப் படம் எடுத்துக்கொள்வது வேறு. திருவிழாவைப் படம்பிடித்து விளம்பரத்தோடு வலையொளியில் ஏற்றி ஒருவர் பணம் ஈட்ட, முழக்கியவர் பெயரும் இன்றிக் கிடப்பது வேறு. பின்னது சட்டத்திற்கும் புறம்பு, அறத்திற்கும் புறம்பு.

கலையை விலைபேசுவது இழிவு என்பது அடுத்த தடை. இதனைச் சொல்வோர் எவரும் பந்தற்காரரிடமோ, சமையற்காரரிடமோ, ஒலிபெருக்கி அமைப்பாரிடமோ சொல்வதில்லை. சேரநாட்டுச் செண்டைக் குழு தலைக்கணக்கில் விலை சொல்ல, மறுபேச்சின்றிக் கொடுப்பவரும், உள்ளூர்க் குழுவிடம் கலைத்தொண்டு பற்றிப் பேசுவர். அக்குழுவினர்மேல் பிழையில்லை, விலையைச் சொல்லத் தெரிந்தவர் அவர். தொண்டு என்பது இசைஞர் தாமே விரும்பிச் செய்ய வேண்டுவது. ஏழை ஒருவர் வீட்டு நிகழ்விற்கு விலையின்றி இசைக்க அவர் முன்வரின், அது அவருடைய கொடை. அக்கொடையைப் பிறர் அவர்மேல் சுமத்துவாராயின், அதற்குப் பெயர் தொண்டன்று, சுரண்டல்.

எளிய குடும்பத்தார் எவ்வாறு கொடுப்பர் என்னும் வினா உண்மையானது. அதனைத் தள்ளுதல் ஆகாது. மங்கலத்தில் மேளம் வைப்பாருள் பலர் தறித்தொழிலாளரே. அதற்கு விடை ஆள்கூலியைக் குறைப்பதில் இல்லை. ஆட்களையும் நேரத்தையும் அளந்துகொள்வதில் இருக்கிறது. பத்துப் பேர் இரவெல்லாம் இசைப்பதற்கு வழியில்லாதவர்க்கு நால்வர் மூன்று மணிநேரம் இசைக்கலாம். ஒருவர் கூலி மாறாதிருத்தலே முறை. எழுதிக் கொடுத்தால் வரி பிடிக்கும் என்னும் அச்சத்திற்கும் இடமில்லை. 2017இல் சரக்கு, பணி வரி வந்தபோதே, நாட்டுப்புற இசை, மரபிசை, ஆடல், கூத்துக் கலைஞர் ஒரு நிகழ்ச்சிக்குப் பெறும் தொகை 1,50,000 உரூபாவிற்கு மேற்படாதாயின் அவ்வரி இல்லை என்று விலக்களிக்கப்பட்டது.

எஞ்சுவது ஒன்றே: ஒரு குழு விலையில் உறுதியாய் நிற்க, மற்றொரு குழு குறைத்துக் கேட்டு வேலையைப் பறித்துக்கொண்டால் என் செய்வது? இவ்வினாவிற்கு விடை சொல்லத் திருப்பூரினும் தக்க ஊர் வேறில்லை. 1984இல் பனியன் தொழிலாளர் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்த மண் இது. 2025 மார்ச்சு 19 முதல் கோவை, திருப்பூர் மாவட்டங்களின் கூலி விசைத்தறியாளர் தறிகளை நிறுத்தினர்; ஏறத்தாழ ஒரு திங்கள் கழிந்து, ஏப்பிரலில் சோமனூர் வகைக்கு 15 விழுக்காடும், பிற வகைகளுக்கு 10 விழுக்காடும் உயர்வு பெற்றனர். அவர்களும் தனித்தனிச் சிறு தறிக்கூடத்தாரே, ஒருவர்க்கொருவர் போட்டியாளரே. ஆயினும் கூலி இவ்வளவென்று கூடிப் பேசி, எழுதி ஒப்பமிடுதல் வேண்டும் என்பதில் அவர்க்குள் கருத்து வேற்றுமை இல்லை. பகலில் தறிக்கூலிக்காகக் கூடி நிற்கும் அதே தொழிலாளர், மாலையில் தோளில் தவிலை மாட்டியவுடன் தனியராகிவிடுவது ஏன்? தறியை உழைப்பு என்று அறிந்தவர், தவிலையும் உழைப்பு என்று அறியாமையே.

ஆகலின் இவ்வட்டாரத்து இசைஞர் செய்யத்தக்கன இவை:

1. மங்கலம், சாமளாபுரம், சோமனூர், பல்லடம், அவிநாசி ஊர்களின் குழுத்தலைவர்கள் ஓரிடத்திற் கூடி, ஆள்கணக்கிலும் மணிக்கணக்கிலும் கீழ்வரம்புக் கூலியை வரையறுத்தல் வேண்டும். இரவிற்கும் தொலைவிற்கும் தனிக்கூலி குறித்தல் வேண்டும்.

2. மணத்திற்கும் இறப்பிற்கும் கூலி ஒன்றே என்பதை அவ்வரையறையின் முதல்வரியாக எழுதுதல் வேண்டும்.

3. வெற்றிலை பாக்கோடு ஒரு தாளும் வைக்கும் வழக்கம் வருதல் வேண்டும். நாள், இடம், நேரம், ஆள்தொகை, முன்பணம், உணவு, உடைமாற்றும் இடம், நிகழ்ச்சி நின்றுபோயின் தர வேண்டியது ஆகியன அதில் இருத்தல் வேண்டும். மீதிப்பணம் கடைசித் தாளத்திற்கு முன் கைக்கு வருதல் வேண்டும்.

4. தரகர் பங்கு இவ்வளவென்று வரம்பிட்டு, அதனைக் குழுவினர் எல்லார்க்கும் தெரிவித்தல் வேண்டும்.

5. பதிவு செய்து பரப்புவதற்குத் தனி இசைவும் தனிக்கூலியும் வேண்டும். இசைத்தவர் பெயர் பதிவில் இடம்பெறல் வேண்டும்.

6. ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் சிறு தொகை ஒதுக்கிப் பொதுவைப்பு ஒன்று காத்தல் வேண்டும். வேலையில்லாத் திங்கள்களுக்கும், கருவி பழுதுக்கும், நோய்க்கும் அது பயன்படும். 2007இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தில் ஒருவர் விடாது பதிந்துகொள்ளுதலும் வேண்டும். பட்டியலில் பெயரில்லாதார்க்கு இடுக்கட்காலத்தில் உதவி எட்டாது.

இவற்றுள் ஒன்றேனும் பெரும்பணம் வேண்டுவதன்று. அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டுவதும் அன்று. முதற்படி மிக எளிது. சித்திரைத் திருவிழாவிற்கு எந்த ஊரில் எவ்வளவு பேசினோம், எவ்வளவு வந்தது, யார் மீதி வைத்தார் என்பதை ஒரு குழு மற்றொரு குழுவிற்கு ஒளியாமற் கூறட்டும். இரண்டாயிரம் ஆண்டுக்குமுன் கற்பாதையிலும் காட்டுவழியிலும் எதிர்ப்பட்ட பாணர் தம்முள் அதனைக் கூறிக்கொண்டனர். கையில் கைப்பேசி வைத்திருப்போர்க்கு அது அரிதன்று.

விழா எடுப்போர்க்கும் கடன் உண்டு. பந்தலுக்கு இவ்வளவு, பந்திக்கு இவ்வளவு என்று எழுதும் தாளில், மேளத்திற்கு இவ்வளவு என்று முதற்கண் எழுதுக! பேசியதைப் பேசிய நாளில் கொடுக்க! இசைஞர் கைநீட்டிப் பெறும் நிலை ஒழிந்து, கணக்குப் பார்த்து எண்ணி வாங்கும் நாள் வருக! மங்கலம் என்னும் பெயர் அவ்வூர்க்கு அன்றே முழுதும் பொருந்தும்.